வேலை போயிற்று, தமிழ் நின்றது

வேலை போவது என்றால் என்னவென்று ஆலைத் தோழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவடைப்பு என்ற ஒரே சொல் எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பதை அவன் அறிவான். கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கும் அப்படியொரு நாள் வந்தது. அவர்தான் மறைமலை அடிகள்.

1876-இல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். தந்தை மறைந்தார்; பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஆனால் தமிழ்ப் படிப்பு நின்றதா? இல்லை! நாகையில் புத்தகக் கடை நடத்திய நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தம் கேட்டார். பட்டம் இல்லை, புலமை இருந்தது. 1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இந்தச் சிவநெறியாளரைத் தமிழாசிரியராக ஏற்றது. அவரது தகுதியைக் கண்டு தேர்ந்தவர் பரிதிமாற் கலைஞர்.

பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. பட்டப் படிப்பிலே தமிழ் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் விதி செய்தது. தமிழ் மண்ணிலே தமிழ் வேண்டாத பாடமாயிற்று! 1911-இல் அடிகளார் கல்லூரியை விட்டு வெளியேறினார். குடும்பத்தோடு பல்லாவரம் சேர்ந்தார். அதே ஆண்டு துறவுக் கோலம் பூண்டார்.

அழுது அமர்ந்தாரா? ஊர் ஊராகச் சென்று பேசினார், இரவு பகலாக எழுதினார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்டார். பிறருக்குச் சொல்லுமுன் தம்மிடமிருந்தே தொடங்கினார். வேதாசலம் மறைமலை ஆனார். அவர் நடத்திய ஞானசாகரம் என்ற ஏடு அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. வடமொழி தெரியாமல் ஒதுக்கியவர் அல்லர் அவர். சாகுந்தல நாடகத்தையே தமிழில் தந்தவர்.

கடவுள் பற்றிலே கடைசிவரை உறுதியாக நின்றவர். அதனால் சுயமரியாதை இயக்கத்தாரோடு மோதியதும் உண்டு. ஆயினும் 1937-இல் கட்டாய இந்தி தலைநீட்டியபோது, எதிர்ப்பு மேடையிலே தலைமை தாங்கினார். 1938-இல் பெரியார் என்ற பட்டத்தை வழங்கிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் யார்? அடிகளாரின் அருமை மகள் நீலாம்பிகை! தந்தையின் தனித்தமிழ்ப் பணிக்குத் தோள் கொடுத்த அதே மகள். கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் மொழிக்காக ஒன்றாய் நின்றனர். 1940-இல் அந்த ஆணை திரும்பிப் போயிற்று.

1950 செப்டம்பர் 15-இல் அடிகளார் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம், வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்கள். அந்த நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னையில் அவர் பெயரால் பொது நூலகம் எழுந்தது.

பாதியில் பள்ளியை விட்டோமே என்று குன்றும் தோழர்களே, எண்ணிப் பாருங்கள். பட்டமில்லாமல் பேராசிரியரானார் ஒருவர். பதவி போனபின் ஒரு மொழிக்கே காவலரானார். வேலையைப் பறித்த விதியால் அவர் கற்ற தமிழைப் பறிக்க முடியவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் படிப்பகம் ஒன்று இருக்குமானால், கால் மணி நேரம் உள்ளே நுழையுங்கள். அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.