வேலை போனா பணம் யார் தருவாங்க? அமெரிக்காவுக்கு வழிகாட்டிய பிரான்சஸ் பெர்கின்ஸ்

அமெரிக்காவில் கம்பெனி ஆட்குறைப்பு செய்து ஒருவருக்கு வேலை போச்சுன்னா, அடுத்த வேலை தேடும் காலத்தில் சில வாரங்களுக்கு மாநில அரசு ஒரு தொகை கொடுக்கும். தானாக ராஜினாமா செய்தவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. இது இலவச உதவி அல்ல, ஒரு வகை இன்ஷூரன்ஸ். பெரும்பாலான மாநிலங்களில் இதற்குப் பணம் கட்டுவது முதலாளிதான், தொழிலாளி அல்ல.

இந்த ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு பிரான்சஸ் பெர்கின்ஸுக்கு உண்டு. அமெரிக்க அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண் இவர்.

யார் இவர்?

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தார். அங்கே ஒரு பேராசிரியை, ஆலைகளுக்குப் போய் தொழிலாளர் நிலையைப் பார்த்துவரச் சொன்னார். அதுதான் அவரது பாதையை மாற்றியது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒரு வாசல் கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். ஜன்னல்களில் இருந்து அவர்கள் குதித்ததைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் பெர்கின்ஸும் ஒருவர். பிறகு தொழிற்சாலைகளை ஆய்வு செய்த குழுவின் பணிகளில் பங்கேற்றார். தீ பாதுகாப்பு, வேலை நேரம் பற்றிய புதிய சட்டங்கள் நியூயார்க்கில் வந்தன.

நிபந்தனையோடு வந்த அமைச்சர்

1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக அழைத்தார். பெருமந்தத்தால் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத நேரம் அது. பெர்கின்ஸ் உடனே சரின்னு சொல்லிடல. ஒரு பட்டியலை முன்வைத்தார்: வேலையிழப்புக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், குறைந்தபட்ச ஊதியம், வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலுக்குத் தடை, மருத்துவக் காப்பீடு. இவற்றுக்கு ஆதரவு உண்டு என்றால்தான் வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் சம்மதித்தார்.

சிக்கல் எங்கே?

ஒரு மாநிலம் மட்டும் முதலாளிகளிடம் இதற்குப் பணம் வசூலித்தால், கம்பெனி பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தது. மத்திய அரசே நடத்தினால் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஒரு தேநீர் விருந்தில் நீதிபதி ஹார்லன் ஸ்டோன், வரி விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துங்கள் என்று பெர்கின்ஸிடம் மெதுவாகக் காதில் போட்டார்.

1935 ஆகஸ்ட் 14-ல் கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வரி வழியிலேயே போனது. எட்டு பேருக்கு மேல் வேலைக்கு வைத்த முதலாளிகளுக்கும், சரியாக எட்டு பேர் வைத்தவர்களுக்கும், சம்பளக் கணக்கின்படி மத்திய வரி. ஆனால் மாநிலமே வேலையிழப்புக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கினால், அதற்குக் கட்டும் தொகையை மத்திய வரியில் 90% வரை கழித்துக்கொள்ளலாம். திட்டம் தொடங்காத மாநிலத்துக்கு லாபம் எதுவும் இல்லை, எப்படியும் வரி போகும். 1937-க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டன. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

1938-ல் இன்னொரு சட்டம். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்ச ஊதியம். வாரத்துக்கு 44 மணி நேரம், பின்னர் 40. அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் சம்பளம்.

விடுபட்டவர்கள்

விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் இந்தச் சட்டங்கள் சேர்க்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அதிகம் செய்த வேலைகள் இவைதான். பாதுகாப்பு ரொம்பவே தேவைப்பட்டவர்களில் பலர் வெளியே நின்றார்கள்.

பெர்கின்ஸின் சொந்த வாழ்க்கையும் லேசாக இல்லை. கணவர் மனநலப் பாதிப்பால் அவதிப்பட்டதால், குடும்பம் இவர் சம்பளத்தில்தான் ஓடியது. 1939-ல் ஒரு தொழிற்சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்று சொல்லி இவரைப் பதவிநீக்கம் செய்யும் முயற்சியும் நடந்தது, தோற்றது. 1945 வரை அமைச்சராக இருந்தவர், பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1965-ல் காலமானார்.

அவர் கொண்டுவந்த பட்டியலில் பெரும்பாலானவை சட்டமாகின. எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு மட்டும் அவர் காலத்தில் நடக்கவே இல்லை.