கண்ணாடி முன்னே பத்து நிமிஷம்

காந்தி என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் என்ன வருது? இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு தடி, வட்டமான மூக்குக்கண்ணாடி. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் லண்டனுக்குக் கப்பல் ஏறியதிலிருந்து அந்த உருவத்துக்கு வந்து சேர அவருக்கு 33 வருஷம் ஆச்சு.

1869 அக்டோபர் 2ஆம் தேதி போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888 செப்டம்பரில் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 18. இங்கிலாந்தில் கால் வைக்கும்போது அழகாக இருக்கணும் என்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால், செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடுத்தி நின்றவர் அவர் ஒருவர்தான்! பெட்டிகள் கைக்கு வராததால் உடனே மாற்றவும் வழியில்லை. கூச்சத்தில் நெளிந்துபோனார்.

அந்தக் கூச்சம் அவரை வேறு பக்கம் தள்ளியது. முழு ஆங்கிலேய கனவானாக மாறுவது என்று முடிவு செய்தார். பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்து பவுனுக்கு மாலை உடை தைத்தார். 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி வாங்கினார். அண்ணனிடம் சொல்லி, கடிகாரத்துக்கு இரட்டைத் தங்கச் சங்கிலி வரவழைத்தார். தினமும் பத்து நிமிஷம் பெரிய கண்ணாடி முன்னே நின்று டை கட்டுவதும், அடங்காத முடியை வகிடு எடுத்து வாருவதும்தான் வேலை. நடன வகுப்பு, வயலின் வகுப்பு, மேடைப்பேச்சு வகுப்பு எல்லாம் சேர்ந்தார். நடனத்தில் தாளத்தோடு கால் சேரவே இல்லை.

மூன்று மாதம் போல இந்த ஓட்டம். அப்புறம் தன்னையே கேட்டுக்கொண்டார்: வாழ்நாள் முழுக்க நான் இங்கேயா இருக்கப் போறேன்? படிக்க வந்தவனுக்கு இது எதுக்கு? வகுப்புகளை நிறுத்தினார், வயலினை விற்கச் சொன்னார். சுத்தமாக உடுத்தும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? ஒரு சின்ன கணக்கு நோட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பஸ் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எதையும் விடாமல் எழுதி, ராத்திரி தூங்கும் முன் கணக்கைச் சரிபார்த்துவிடுவார். பொறியியல் மாணவர்களான எங்களுக்கு இது நல்லாவே புரியும். அளந்து எழுதினால்தான் எங்கே கசிவு இருக்கு என்று தெரியும். காசுக்குத் தொடங்கிய அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்தது. பிறகு தன் நடத்தையையும் அதே கண்டிப்போடு சரிபார்த்தார்.

1893இல் தென்னாப்பிரிக்கா போனார். டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது, மறுத்துவிட்டு வெளியே வந்தார். வம்பு வேண்டாமே, இனி ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். அவரை அழைத்திருந்த வியாபாரி அப்துல்லா சேட் தடுத்ததால் தலைப்பாகை நிலைத்தது.

அடுத்த வருஷம் அவரைத் தேடி ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. கிழிந்த துணி, முதலாளி அடித்ததில் உடைந்த இரண்டு முன்பற்கள், வாயெல்லாம் ரத்தம். தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் கூலிகள் அப்படித்தான் நிற்கணும் என்பது அங்கே வழக்கம். காந்திக்கு அது அவமானமாகப் பட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் கட்டினார் பாலசுந்தரம். ஆனால் முகம் மலர்ந்தது. அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட காந்தி வழி செய்தார். ஒரு துண்டுக்குள் ஒரு மனிதனின் மானம் இருக்கு என்பதைக் காந்தி அன்று நேரில் பார்த்தார்.

1913இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து நேட்டாலில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதில் தமிழர்கள் ஏராளம். சிலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சிறைக்குப் போய் நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் 16 வயதில் கண் மூடினார். சுடப்பட்டு இறந்தவர்களுக்காகத் துக்கம் காத்து, காந்தி கோட்டைக் கழற்றிவிட்டு ஒப்பந்தக் கூலியின் உடையில் டர்பன் கூட்டத்தில் நின்றார். தமிழ்க் கூலியின் உடைதான் அவரை முதலில் மாற்றியது என்று சொன்னால் தப்பில்லை.

கடைசி மாற்றம் மதுரையில். அந்நியத் துணியை விட்டுக் கதர் கட்டுங்கள் என்று அவர் சொன்னபோது, கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் பதில் சொன்னார்கள். அவர் உடம்பிலோ தொப்பி, சட்டை, முழு வேட்டி. மனசு உறுத்தியது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காலை, மேல மாசி வீதி வீட்டிலிருந்து முழங்கால் அளவு துண்டோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் நின்ற இடத்துக்கு இன்றும் காந்தி பொட்டல் என்றே பெயர். பத்து வருஷம் கழித்து, 1931இல், அதே லண்டனுக்கு அதே துண்டோடு போனார். அரண்மனையில் மன்னரைப் பார்க்கவும் உடையை மாற்றவில்லை. பாண்ட் ஸ்ட்ரீட்டில் உடை தைத்த அந்தப் பையனிடம் இருந்த கூச்சம் போன இடம் தெரியவில்லை.

அப்படியென்றால் நாமும் துண்டு கட்டணுமா? இல்லை. அதே வட்டமேசை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கர் கோட்டு சூட்டில் வந்தார். நல்ல துணி உடுத்தவே உரிமை மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவருக்கு அந்த சூட்டே ஒரு நிமிர்வு. உடை வேறு வேறுதான். ஆனால் இரண்டு பேருக்கும் தான் யார், யாருக்காக நிற்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

இது நம்ம ஊர் விஷயமும்தான். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. 1917இல் நாட்டின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் உருவானது நம் கோலா சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்தான். பாலசுந்தரம் மாதிரி தலைத்துண்டோடு உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனாலும் பல்கலைக்கழகம் போனதும் தோட்டத்துப் பிள்ளை என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று எத்தனை பேர் தவிக்கிறோம்! தவணையில் காலணி, கடன் வாங்கிக் கைப்பேசி. பெருநாள் அன்றைக்குக் கோயிலில் வேட்டி கட்டவும் கூச்சம். நல்லா உடுத்துவது தப்பில்லை. ஒளிந்துகொள்ள உடுத்துவதுதான் நம்மைத் தின்கிறது.

காந்தியின் ஆசிரமத்தில் மாலைப் பிரார்த்தனையில் கீதையின் இரண்டாம் அத்தியாயக் கடைசி 19 சுலோகங்கள் ஓதப்பட்டன. நிலைத்த அறிவுடையவன் யார் என்று சொல்லும் பகுதி அது. திங்கட்கிழமைகளில் அவர் மௌனம் காத்தார். 1948 ஜனவரி 30ஆம் தேதி உயிர் பிரிந்ததும் மாலைப் பிரார்த்தனைக்கு நடந்து போகும் வழியில்தான்.

நாமும் ராத்திரி விளக்கு அணைக்கும் முன் பத்து நிமிஷம் ஒதுக்கலாம். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நோட்டில் மூணே வரி எழுதுவோம். இன்று எதற்குச் செலவழித்தேன்? யாருக்குப் பயந்து என்னை மறைத்தேன்? யாருக்காக நிமிர்ந்து நின்றேன்? ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், காலையில் கண்ணாடியில் தெரிகிற முகம் யாருடையது என்று நமக்கே விளங்கும்.