எறிந்தவற்றைச் சேர்த்தவர்: குர்ட் ஷ்விட்டர்ஸின் வாழ்க்கை

1943 ஒக்டோபர் 8 ஆம் திகதி இரவு, பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் ஜேர்மனியின் ஹனோவர் நகரத்தைத் தாக்கின. விடிந்தபோது நகரத்தின் மையப்பகுதி எரிந்துகொண்டிருந்தது. வால்ட்ஹவுசன் வீதியின் 5 ஆம் இலக்க வீடும் அந்த இரவில் அழிந்தது. அந்த வீட்டின் அறைகளுக்குள் ஒரு கலைஞர் பத்து வருடங்களுக்கும் மேலாகக் கட்டியெழுப்பிய விசித்திரமான படைப்பொன்று இருந்தது. பலகைத் துண்டுகள், சாந்து, உடைந்த பொருட்கள், நண்பர்கள் விட்டுச்சென்ற சின்னஞ்சிறு சாமான்கள் என்பவற்றால் ஆன படைப்பு அது.

அதைக் கட்டியவர் அப்போது லண்டனில் அகதியாக இருந்தார். அவரை வீட்டிலிருந்து துரத்தியது அவர் பிறந்த நாடு. அந்த வீட்டைக் குண்டுபோட்டு அழித்தது அவருக்கு அடைக்கலம் கொடுத்த நாடு. போர் இப்படித்தான் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அவருடைய பெயர் குர்ட் ஷ்விட்டர்ஸ். கழிவுப் பொருட்களிலிருந்து கலை செய்வதைப் பற்றி இன்று உலகில் எங்கு பேசினாலும் அவருடைய பெயரைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவர் ஏன் கழிவுகளைத் தேடிப் போனார் என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

தோற்ற நாட்டில் ஒரு தொடக்கம்

ஷ்விட்டர்ஸ் 1887 ஜூன் 20 ஆம் திகதி ஹனோவரில் பிறந்தார். குடும்பம் வசதியானது. அவர் பெற்றோரின் ஒரே பிள்ளை. சிறுவயதிலேயே அவருக்கு வலிப்பு நோய் வந்தது. வாழ்நாள் முழுவதும் அது அவரை விட்டுப் போகவில்லை. டிரெஸ்டன் நகரக் கலைக்கழகத்தில் முறைப்படி ஓவியம் கற்றார். மனித முகங்களையும் நிலக்காட்சிகளையும் உள்ளதை உள்ளபடி வரையக்கூடிய ஓவியராகவே அங்கிருந்து வெளியே வந்தார். 1915 இல் ஹெல்மா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அடுத்த வருடம் பிறந்த முதல் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது.

முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1917 இல் அவரையும் இராணுவத்துக்கு எடுத்தார்கள். உடல்நிலை காரணமாகச் சில மாதங்களில் விடுவித்து, ஓர் இரும்புத் தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்கள் வரையும் வேலைக்கு அனுப்பினார்கள். சக்கரங்களும் பற்களும் கம்பிகளும் அவருடைய படங்களுக்குள் வந்தது அதன் பிறகுதான்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. அதே மாதத்தில் மகன் ஏர்ன்ஸ்ட் பிறந்தான். ஜேர்மனி தோற்றிருந்தது. அரசன் ஓடிவிட்டான். வீதிகளில் பசி. கடைகளில் பொருள் இல்லை. கற்றுக்கொண்ட அழகான ஓவியமுறை இந்த நாட்களைச் சொல்லப் போதாது என்று ஷ்விட்டர்ஸுக்குத் தோன்றியது. உடைந்துபோன உலகத்தை, உடைந்துபோன அதன் துண்டுகளைக் கொண்டே திரும்பவும் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். வீதியில் கிடந்தவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். பயன்படுத்திய பயணச்சீட்டு, பத்திரிகைத் துண்டு, கம்பி வலை, துணிக்கிழிசல், பெட்டி மூடி, ஆணி. எல்லாவற்றையும் பலகையில் ஒட்டினார், அடித்தார், மேலே வர்ணம் பூசினார்.

வங்கி ஒன்றின் விளம்பரத்திலிருந்து அவர் வெட்டியெடுத்த துண்டொன்றில், வர்த்தகம் என்று பொருள்படும் ‘கொமேர்ஸ்’ என்ற சொல்லின் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது: ‘மேர்ஸ்’. அர்த்தமில்லாத அந்தப் பாதிச் சொல்லையே தன் கலைக்குப் பெயராக வைத்தார். படம், கவிதை, சஞ்சிகை, சிற்பம், கடைசியில் வீடு என்று அவர் செய்த எல்லாமே ‘மேர்ஸ்’ ஆனது. 1919 இல் பேர்லினில் இந்தப் படங்களைக் காட்சிப்படுத்தினார். பலர் சிரித்தார்கள். பேர்லினில் இருந்த புரட்சிகரக் கலைஞர்கள் சிலரோ, இவர் அளவுக்கு மீறிய நடுத்தரவர்க்க மனிதர் என்று சொல்லித் தங்களோடு சேர்க்க மறுத்தார்கள்.

நண்பர்களின் ஞாபகங்களால் ஒரு வீடு

1920களில் அவர் ஹனோவர் வீட்டுக்குள் ஒரு தூணைக் கட்டத் தொடங்கினார். அது வளர்ந்துகொண்டே போனது. சுவரைத் தொட்டது, கூரையைத் தொட்டது, அடுத்த அறைக்குள்ளும் நுழைந்தது. இதுதான் பின்னர் ‘மேர்ஸ்பாவ்’, அதாவது மேர்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்றது.

அதற்குள் சிறுசிறு குகைகள் இருந்தன. பல குகைகள் ஒவ்வொரு நண்பருக்கும் உரியவை. நண்பர்களிடமிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து அங்கே வைப்பார். சில வேளைகளில் கேட்டு வாங்குவார். பல வேளைகளில் கேட்காமலே எடுத்துக்கொள்வார். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் றோவின் மேசையிலிருந்து எடுத்த தடித்த பென்சில், திரைப்படக் கலைஞர் ஹான்ஸ் றிக்டரின் தலைமயிர்க் கற்றை, யாரோ பாதி புகைத்த சிகரெட், சப்பாத்து நாடா, உடைந்த பேனா. ஹன்னா ஹொக் போன்ற கலைஞர்கள் வந்து தங்கி, தங்கள் கைகளாலேயே அங்கே குகைகள் செய்தார்கள். கட்டடம் வளர வளரப் பழைய குகைகள் புதிய சுவர்களுக்குள் மறைந்துபோயின. மறைந்தாலும் உள்ளே இருந்தன.

இதே காலத்தில் அவர் விளம்பரத் தொழிலும் செய்தார். ஹனோவர் நகர நிர்வாகத்தின் அச்சுப் படிவங்களை வடிவமைத்தார். பகலில் உழைப்பு, மற்ற நேரத்தில் சாந்தும் பலகையும்.

துரத்தப்பட்டவர்

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஷ்விட்டர்ஸின் நகர வேலை பறிபோனது. அவருடைய படைப்புகள் அரும்பொருட்காட்சியகங்களிலிருந்து அகற்றப்பட்டன. நெருங்கிய நண்பர்கள் கைது செய்யப்பட்டார்கள். இரகசியப் பொலிஸார் அவரையும் விசாரணைக்குத் தேடினார்கள். மகன் ஏர்ன்ஸ்ட் 1936 இன் இறுதியில் நோர்வேக்குத் தப்பிச் சென்றான். 1937 ஜனவரி 2 ஆம் திகதி தந்தையும் பின்தொடர்ந்தார். அதன் பின்னர் அவர் தன் வீட்டைப் பார்க்கவேயில்லை.

அந்த வருடம் மியூனிக்கில் நாஸிகள் ‘சீரழிந்த கலை’ என்று பெயரிட்டு ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஷ்விட்டர்ஸின் படங்களும் கேலிக்காகச் சரிவாகத் தொங்கவிடப்பட்டிருந்தன.

ஹெல்மா ஹனோவரிலேயே இருந்தார். வயதானவர்களையும் குடும்பத்தின் வீடுகளையும் பார்த்துக்கொள்ள யாராவது இருக்க வேண்டும். போர் தொடங்கும் வரை ஒவ்வொரு வருடமும் நோர்வேக்கு வந்து கணவரையும் மகனையும் பார்த்துச் சென்றார். ஒருவர் போக, ஒருவர் காவலிருக்க, நடுவில் எல்லை மூடிக்கொள்வது நமக்குப் புதிய கதை அல்ல.

ஒஸ்லோவுக்கு அருகில் லீசாக்கர் என்ற இடத்தில் ஷ்விட்டர்ஸ் இரண்டாவது கட்டடத்தைத் தொடங்கினார். 1940 ஏப்ரலில் ஜேர்மன் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. அதையும் விட்டுவிட்டு வடக்கு நோக்கி ஓடினார். மகன், மருமகள் ஆகியோரோடு ஒரு கப்பலில் ஏறி, ஜூன் மாதம் ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தில் இறங்கினார்.

முள்வேலிக்குள் ஒரு பட்டறை

பிரித்தானியா அவரை அகதியாகப் பார்க்கவில்லை; எதிரி நாட்டுப் பிரஜையாகப் பார்த்தது. முகாமிலிருந்து முகாமுக்கு மாற்றப்பட்டு, 1940 ஜூலையில் ஐல் ஒஃப் மான் தீவின் டக்ளஸ் நகரிலிருந்த ஹட்சின்சன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி வீடுகளைச் சுற்றி முள்வேலி அடித்து அமைத்த முகாம் அது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜேர்மானியரும் ஒஸ்திரியரும். அவர்களில் அநேகர் யூதர்கள். ஹிட்லரை வெறுத்த காரணத்தால் நாட்டை இழந்தவர்கள், ஹிட்லரின் ஆட்களாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள்.

அந்த முகாமில் பேராசிரியர்கள் புல்தரையில் நின்று விரிவுரை நிகழ்த்தினார்கள். இசைக் கலைஞர்கள் கச்சேரி வைத்தார்கள். ஓவியர்களுக்கு வர்ணமும் தாளும் கிடைக்கவில்லை. ஆகவே கிடைத்ததை எடுத்தார்கள். செங்கல்லை இடித்துத் தூளாக்கி, மீன் ரின்னில் மிஞ்சிய எண்ணெயில் குழைத்து வர்ணம் செய்தார்கள். தரையில் ஒட்டியிருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதில் உருவங்களைச் செதுக்கி, துணி பிழியும் உருளைக்குள் கொடுத்துத் தாளில் அச்செடுத்தார்கள். இருட்டடிப்புக்காக யன்னல் கண்ணாடிகளுக்குப் பூசப்பட்டிருந்த நீல நிறத்தைச் சுரண்டிச் சித்திரங்கள் வரைந்தார்கள். வெளியே நடக்கக் கூட்டிச் சென்றால் களிமண் தோண்டி வந்தார்கள். முகாமுக்குள்ளேயே ஓவியக் கண்காட்சியும் நடந்தது.

ஷ்விட்டர்ஸ் இந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தார். காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைச் சேகரித்துச் சிற்பம் செய்தார். சில நாட்களில் அது பூஞ்சணம் பிடித்துப் பச்சையும் நீலமுமாக மாறி அறையெங்கும் நாறியது. மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் பார்க்க வந்தார்கள். தேயிலைப் பெட்டிப் பலகைகளிலும் லினோலியத் துண்டுகளிலும் சக கைதிகளின் உருவப்படங்களை வரைந்தார். அந்த முகாமில் அவர் 200 க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்தார்.

இதை வெறும் மகிழ்ச்சிக் கதையாகச் சொல்லிவிடக் கூடாது. முகாமில் அவருடைய வலிப்பு நோய் திரும்பி வந்தது. விடுதலைக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. மகன் முதலில் விடுவிக்கப்பட்டான். சக கலைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர் 1941 நவம்பர் வரை, ஏறத்தாழ 16 மாதங்கள் உள்ளே இருந்தார். கலை அவருக்கு வாசலைத் திறந்துவிடவில்லை. அந்த நாட்களை நாட்களாகக் கழிக்க மட்டும் உதவியது.

செய்தி வந்த நாள்

லண்டனில் அவரைப் பலருக்குத் தெரியாது. குண்டு விழுந்த வீதிகளில் நடந்து மீண்டும் பொறுக்கினார். பஸ் ரிக்கட், இனிப்புச் சுற்றிய தாள், அமெரிக்கப் படையினரின் உணவுப் பொதி. அந்த ஒட்டுப்படங்களை இன்று பார்க்கிறவர்கள், போர்க்கால லண்டனில் மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்த பஸ்ஸில் போனார்கள் என்பதை அவற்றிலேயே வாசிக்கலாம். அரசுகள் ஆவணங்களை எழுதும்போது இப்படியானவற்றைச் சேர்ப்பதில்லை.

1944 இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதே வருடம் டிசெம்பரில் லண்டனில் அவருடைய கண்காட்சி ஒன்று நடந்தது. அந்த மாதத்திலேயே மற்றொரு செய்தியும் வந்து சேர்ந்தது. ஹெல்மா ஒக்டோபர் 29 ஆம் திகதி புற்றுநோயால் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து வாரங்கள் கடந்திருந்தன. ஐந்து வருடங்களாக அவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவில்லை.

கடைசிச் சுவர்

1945 இல், லண்டனில் அறிமுகமாகித் துணையாகிவிட்ட எடித் தோமஸுடன், இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்திலுள்ள அம்பிள்சைட் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். ஊர்க்காரர்களுக்கும் பயணிகளுக்கும் உருவப்படமும் மலைக்காட்சியும் வரைந்து கொடுத்துச் சீவியம் நடத்தினார். டிரெஸ்டனில் கற்ற பழைய கைத்தொழில் அங்கே சோறு போட்டது.

1947 ஜூனில் நியூயோர்க் நவீன கலை அரும்பொருட்காட்சியகம் அவருக்கு 1,000 டொலர் உதவித்தொகை வழங்கியது. ஹனோவர் கட்டடத்தின் எச்சங்களை மீட்பதே முதல் எண்ணம். மீட்க அங்கே எதுவும் இருக்கவில்லை. நோர்வேக்குச் செல்ல உடல் இடம்கொடுக்கவில்லை. எல்டர்வோட்டர் என்ற கிராமத்தில், ஹரி பியர்ஸ் என்ற தோட்டக் கலைஞரின் வளவில் இருந்த கல்லாலான ஒரு கொட்டிலில் மூன்றாவது தடவையாகத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு 60 வயது. நோயாளி. பஸ்ஸில் போய், குளிர் நிறைந்த அந்தக் கொட்டிலில் மணிக்கணக்காக நின்று வேலை செய்தார். சுவரில் கற்கள், மரக்கிளை, உடைந்த யன்னல் சட்டம், பூவாளியின் வாய்ப்பகுதி, ஓர் இறப்பர் பந்து என்பவற்றைச் சாந்துக்குள் பதித்தார். வளவில் வேலை செய்தவர்களும் உதவினார்கள். நான்கு சுவர்களில் ஒன்று மட்டும் உருப்பெற்றது.

1948 ஜனவரி 7 ஆம் திகதி, அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்படுகிறது என்ற கடிதம் வந்தது. அடுத்த நாள், ஜனவரி 8 ஆம் திகதி, கென்டல் வைத்தியசாலையில் அவர் இறந்தார். நாடற்றவராக வாழ்ந்த வருடங்கள் பல. நாடு கிடைத்தது ஒரே ஒரு நாளுக்கு.

நோர்வேயில் விட்டுவந்த கட்டடம் 1951 இல், சிறுவர்கள் விளையாட்டாக வைத்த நெருப்பில் எரிந்துபோனது. எல்டர்வோட்டர் சுவர் 1965 இல் முழுதாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, நியூகாசில் நகரின் ஹட்டன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில், 1933 இல் எடுக்கப்பட்ட புகைப்படங்களின் உதவியோடு, ஹனோவர் அரும்பொருட்காட்சியகத்தில் பழைய மேர்ஸ்பாவின் ஓர் அறையைத் திரும்பச் செய்தார்கள். அறையின் வடிவம் கிடைத்தது. சுவருக்குள் மறைந்திருந்த பென்சிலும் தலைமயிரும் சப்பாத்து நாடாவும் கிடைக்கவில்லை. அவற்றைத் திரும்பச் செய்ய முடியாது.

போருக்குப் பிந்திய சமூகங்களில், கழிவிலிருந்து கைவினை, இடிபாட்டிலிருந்து கலை என்ற பேச்சு அடிக்கடி வரும். அதைக் கேட்கும்போது, இழந்ததற்கு ஈடாக இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொல்வது போலவும் இருக்கும். ஷ்விட்டர்ஸின் வாழ்க்கை அப்படியொரு ஈட்டைக் காட்டவில்லை. மனைவி திரும்பி வரவில்லை, வீடும் திரும்பி வரவில்லை. அவர் ஒட்டிவைத்த ஒரு பஸ் ரிக்கட், அந்த நாளில் அந்த வீதியில் ஒரு மனிதர் உயிரோடு பயணம் செய்தார் என்பதை மட்டும் சொல்கிறது. எறிந்துவிடலாம் என்று நாம் நினைக்கும் தகரத்துண்டும் கிழிந்த சீலையும் கூப்பன் மட்டையும் அவ்வளவைச் சொல்லக்கூடியவை. எறிவதற்கு முன் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.