மெட்ரிக்கில் 2 முறை ஃபெயில்... ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைத்த சுப்பாராவ்!

நீங்க ஓரிக்கைக்காரர்னா, காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை தெரியாம இருக்காது. ஆனா, எல்லாப்பிரகடா சுப்பாராவ்? ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கிற குழந்தைகள் சாப்பிடும் `மெத்தோட்ரெக்ஸேட்' மாத்திரைக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக்கில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது தடவை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து பாஸ். அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி மேல் இருந்த பற்றில் கதர் அங்கியோடு ஆபரேஷன் அறைக்குப் போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். கடைசியில் எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை, ஒரு படி கீழே எல்.எம்.எஸ்தான்.

இதற்கு நடுவே, ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரரின் உயிரைப் பறித்தது. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

1920-களில் அமெரிக்கா. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி வேலை, ஹார்வர்டில் படிப்பு. உங்க பயாலஜி புக்ல வர்ற ஏ.டி.பி-யைக் கண்டுபிடித்தவர்களில் இவரும் ஒருவர். அப்படியும் ஹார்வர்ட் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனிக்குப் போனார்.

அங்கே அவருடைய குழு ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்தில் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கும் மருந்து அது. ஆனா, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் நோய் இன்னும் வேகமெடுப்பதை பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் கவனித்தார். அப்படின்னா, அதைத் தடுக்கிற மருந்து கொடுத்தால்? சுப்பாராவ் குழு `அமினோப்டெரின்' செய்து அனுப்பியது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்கள்தான்; திரும்பவும் வந்துவிட்டது. ஆனால், வாரக்கணக்கில் நாள் எண்ணிக்கொண்டிருந்த பெற்றோருக்கு அந்த மாதங்கள் எவ்வளவு பெரிசு!

ஃபார்பரின் கட்டுரை வெளியானது 1948 ஜூனில். ஆகஸ்ட்டில் சுப்பாராவ் மாரடைப்பால் இறந்தார். வயது 53. ஊரில் காத்திருந்த மனைவியைப் பார்க்க அவர் திரும்பவே இல்லை.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்று பல மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுப்பதால், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நீளும். அதன் பிற்பகுதியில் பலர் ஸ்கூலுக்கே போகிறார்கள். அப்போ இந்த மாத்திரை வழக்கமா வாரத்துக்கு ஒருநாள்தான். மறந்துபோய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை நல்லா ஓடியாடுறானேன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் வந்தா மெடிக்கல் ஷாப் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.