ஹென்றி டெரோசியோ

கல்கத்தா மாநகரில் 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பிறந்தவர் ஹென்றி டெரோசியோ. போர்த்துக்கேய வழிவந்த குடும்பத்தவர். 1826இல், பதினேழாம் வயதிலேயே, அந்நகரத்து இந்துக் கல்லூரியில் ஆசிரியரானார். 1817இல் இந்துப் பெரியோர் பொருளுதவி செய்து நிறுவிய கலாசாலை அது.

ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் கற்பித்த அவர், எதனையும் ஆராயாது ஏற்கலாகாது என மாணாக்கரைப் பழக்கினார். கடவுளைப் பற்றி ஹியூம் எழுப்பிய ஐயங்களைக் காட்டியவர், அவற்றை மறுத்தோரின் வாதங்களையும் உடன் காட்டினார். மாணாக்கர் விவாத சபை கூட்டினர். சாதியையும் சடங்கையும் பற்றி வினாவினர். பெற்றோர் கலங்கினர். சிலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியினின்றும் நிறுத்தினர்.

1831 ஏப்ரலில் நிருவாக சபை கூடியது. நாத்திகம் போதித்தார், பெற்றோரை மதியாதிருக்கத் தூண்டினார் எனப் பழி சுமத்தப்பட்டது. அவரை அழைத்து விசாரித்தாரில்லை. அவர் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று சபையிற் பெரும்பாலோர் கூறவுமில்லை. ஊராரின் மனநிலை கருதி விலக்குவதே தக்கதென முடிவாயிற்று. விசாரணையின்மையைச் சுட்டிக்காட்டி அவர் பதவி துறந்தார். பின்னர் ஒரு பத்திரிகை நடத்தினார். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் வாந்திபேதியால் இறந்தார். வயது இருபத்திரண்டே.

பெரியோரின் அச்சம் வெறுங் கற்பனையன்று. அவரைச் சூழ்ந்திருந்த கிருஷ்ண மோகன் பானர்ஜி 1832இல் கிறிஸ்தவரானார். ஆயின், ஆசிரியரை விலக்கியும் அது நின்றதா?

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம், பிறர் கொள்கை நம்மீது சுமத்தப்படுவதை விரும்புவதில்லை. நம் மன்றத்தில் மாறுபட்டுப் பேசும் நண்பனுக்கும் அதே நீதி வேண்டும். மாத்தளை இந்து வாலிபர்களே, பெரியோர்களே! கேட்டபின் மறுப்போம், கேளாது விலக்கோம்.