இரவையும் மறைக்காத மருத்துவர்



இரவில் புளியமரத்தின் கீழ் படுக்கக்கூடாது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரத்தில் நம் இஸ்லாமிய அயலவர் வீடுகளிலும் இதே எச்சரிக்கையைக் கேட்டிருப்பீர்கள். பேய் என்பார் சிலர். கெட்ட காற்று என்பார் சிலர். பேயை விட்டுவிடுவோம். மரத்தின் இரவுக்காற்றைச் சோதித்தறிந்தவர் ஒரு கத்தோலிக்க மருத்துவர். அவர் பெயர் யான் இங்கன்ஹவுஸ்.

1730 டிசம்பர் 8ஆம் நாள், அன்னையின் அமல உற்பவத் திருநாளன்று, ஒல்லாந்தின் பிரேடா நகரில் பிறந்தார். அக்காலத்தில் அங்கே கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடவோ அரச பதவி வகிக்கவோ இயலாது. அதே ஒல்லாந்தர் நமது கரையோரங்களிலும் குருக்களைத் தடைசெய்ததையும், புனித யோசேப் வாஸ் மாறுவேடத்தில் வந்து மறைப்பணி ஆற்றியதையும் நீங்கள் அறிவீர்கள். இங்கன்ஹவுஸ் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பின்பு, தந்தையின் நண்பரான ஆங்கிலேய அரச மருத்துவர் ஜோன் பிரிங்கிளின் ஆதரவில் இலண்டன் சென்றார். 1768இல் வியன்னாவில், பெரியம்மைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்த பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்தாருக்கு அம்மை குத்தினார். அரண்மனை மருத்துவர் பதவியும் ஆயுட்கால ஊதியமும் கிடைத்தன. அத்துடன் அமைந்திருக்கலாம், அவர் அமையவில்லை.

மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி நல்லதாக்குவதை 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டிருந்தார். ஓக் மரம் முதல் புல் வரை எல்லாமே காற்றைத் தூய்மையாக்கும் இறைவனின் ஏற்பாடு என்று பிரிங்கிள் 1773இல் அறிஞர் அவையில் போற்றினார். ஆயினும் அச்சோதனை சிலவேளை பலித்தது, சிலவேளை பொய்த்தது.

1779 கோடையில் இங்கன்ஹவுஸ் இலண்டனுக்கு அருகே ஒரு நாட்டுப்புற வீட்டில் தங்கி, மூன்று மாதங்களுக்குள் 500க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். நீரில் அமிழ்த்திய இலைகளை வெயிலில் வைத்தார், குமிழிகள் எழுந்தன. அக்காற்றில் சுடர் பிரகாசித்தது. இருளில் குமிழிகள் நின்றன. வெப்பமோ என்று நெருப்பருகிலும் வைத்துப் பார்த்தார். இல்லை, ஒளியே காரணம். பச்சைப் பகுதிகள் மட்டுமே நற்காற்றைத் தந்தன. இரவிலோ அதே இலைகள் காற்றைக் கெடுத்தன.

இங்கே சற்று நில்லுங்கள். தம்மை ஆதரித்த பெரியவரின் புகழுரைக்கு முழுதும் பொருந்தாத உண்மை இது. மறைத்திருந்தால் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரோ அதே ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, வெயிலில் காற்றைத் தூய்மையாக்கும் ஆற்றலோடு நிழலிலும் இரவிலும் கெடுக்கும் இயல்பையும் சேர்த்து அச்சிட்டார். இரவின் கேடு பகலின் நன்மைக்குமுன் மிகச் சிறிது என்பதையும் எழுதினார்.

இன்று நம் பிள்ளைகள் இதனைச் சுவாசம், ஒளித்தொகுப்பு என்று படிக்கின்றனர். தாவரம் இரவும் பகலும் சுவாசித்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. பகலில் ஒளித்தொகுப்பு அதனை விஞ்சுவதால் ஒட்சிசன் மிஞ்சுகிறது. அறையில் உள்ள பூச்சாடியைவிடப் பக்கத்தில் உறங்கும் மனிதரே இரவில் அதிகம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். நோயாளியின் அறையிலிருந்து செடியை அகற்றுமுன் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு பிரீஸ்ட்லியோடு எழுந்து அவர் மனத்தை நோகச் செய்தது. 1799 செப்டெம்பர் 7ஆம் நாள் இங்கிலாந்தில் இறந்தார். கல்ன் என்னும் சிற்றூரின் அங்கிலிக்கன் ஆலயத்தில் இந்தக் கத்தோலிக்கரின் உடல் அடக்கம் செய்யப்பட்டது.