கடல் கடந்து தொழில் தேடிய பாரிஸ்டர் காந்தி

இம்மலருக்குப் பெரியார் ஒருவரின் சரிதம் எழுதித் தருதல் வேண்டுமென மலராசிரியர் எம்மைப் பணித்தபோது, எம் உள்ளத்தில் முதலில் எழுந்தது எமது கல்லூரியின் பழைய மாணவர் பலரின் வாழ்க்கையேயாம். மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராய் அமர்ந்தவர்களும், பின்னாளில் இங்கிலாந்திலும் ஆபிரிக்காவிலும் வைத்தியராயும் ஆசிரியராயும் தொழில் கொண்டவர்களுமாக, பட்டமும் கையுமாய்க் கப்பலேறியவர் தொகை சிறிதன்று. மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அயல்நாட்டிற் குடியேற்றித் தொழில் நடத்துதல் எத்துணை இடர்ப்பாடு உடையதென்பதை அன்னாரே அறிவர். மோகனதாஸ் கரம்சந்த் காந்தி அடிகளும் ஒருகால் அவ்விடர்ப்பாட்டுக்கு உள்ளாகியவரே. மகாத்துமாவைப் பற்றி எழுதுவோர் பலராதலின், நாம் ஈண்டுப் பாரிஸ்டரைப் பற்றி மாத்திரம் எழுதத் துணிந்தோம்.

அவர் 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி போர்பந்தரிற் பிறந்தார். தந்தையார் திவான் உத்தியோகம் பார்த்தவர், 1885இற் காலமானார். சிறு வயதிலேயே கஸ்தூரிபாயை மணந்த காந்தி, மூத்த மகன் ஹரிலால் பிறந்த 1888ஆம் ஆண்டிலேயே சாதியாரின் தடையை மீறி இலண்டன் சென்றார். செலவினைத் தமையனார் இலக்குமிதாசர் தாங்கினார். பாரிஸ்டராகித் திரும்பும் தம்பி குடும்பத்தின் பழைய செல்வாக்கை மீட்டுத் தருவான் என்பது தமையனாரின் நம்பிக்கை. 1891ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி பாரிஸ்டராக ஏற்கப்பெற்ற காந்தி, இரண்டு நாள் கழித்து ஊருக்குக் கப்பலேறினார்.

ஊரில் நிகழ்ந்தது வேறு. பாரிஸ்டர் பட்டம் இருந்தது; வழக்கு இல்லை. இந்தியச் சட்டம் அவர் கற்றதன்று. பம்பாயில் வீடு எடுத்து, அவரைப் போலவே சமையல் அறியாத ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு, நாள்தோறும் உயர்நீதிமன்றத்துக்கு முக்கால் மணி நேரம் நடந்தே சென்று, அங்கே வழக்குகளைக் கேட்டபடி தூங்கி விழுந்தார். வழக்குக் கொணரும் தரகர்க்குப் பங்கு கொடுத்தாற் கட்சிக்காரர் வருவர் என்று பலரும் சொல்லினர். அதற்கு அவர் இசைந்திலர். ஈற்றில் மமிபாய் என்னும் பெண்ணொருத்தியின் சிறு வழக்கு 30 ரூபாவுக்குக் கிடைத்தது. எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய எழுந்தவர்க்குத் தலை சுற்றியது, நாவெழவில்லை. அமர்ந்துவிட்டார். வழக்கை 51 ரூபாவுக்கு வேறொரு வழக்கறிஞர் ஏற்று எளிதாக நடத்தி முடித்தார்.

வழக்கு மன்றம் கைவிட்டபின் பள்ளிக்கூடத்தை நாடினார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க மாதம் 75 ரூபாச் சம்பளத்தில் ஆசிரியர் தேவையென ஓர் உயர்தரப் பாடசாலை விளம்பரஞ் செய்திருந்தது. இலண்டன் மற்றிக்குலேஷன் பரீட்சையில் இலத்தீன் மொழியை எடுத்துச் சித்தியெய்திய பாரிஸ்டர் விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டதாரி அல்லர் என்ற காரணத்தால் அவரை ஏற்க மறுத்தனர். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை வாசிக்கும்போது நகை கொள்ளாதிருத்தல் அரிது. எனினும் அவ்விளைஞர்க்கு அன்று நகையாட்டமாயிருந்திராது. வீட்டில் மனைவியும் குழந்தையும், வெளியிற் கடனும் காத்திருந்தன.

ஆறு திங்களிற் பம்பாயை விட்டு இராஜ்கோட்டுக்கு மீண்டார். விண்ணப்பங்களும் மனுக்களும் வரைந்து கொடுத்து மாதம் 300 ரூபாவரை தேடினார். அதுவும் தமையனாரின் பங்காளியான வக்கீல் தயவினால் வந்த வேலையே. தமையனாருக்காக ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் பரிந்து பேசச் சென்றபோது, அவ்வதிகாரி சேவகனை ஏவி அவரை வெளியே தள்ளுவித்தார். அவர் தொழில் பார்க்க வேண்டிய இடமோ அதே அதிகாரியின் மன்று. நிலைமை இவ்வாறிருக்கையிலே, போர்பந்தர் வணிகராகிய தாதா அப்துல்லா கம்பனியாரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. தென்னாபிரிக்காவில் 40,000 பவுண் வழக்கொன்று நடைபெறுகின்றது; அங்குள்ள பெரிய வழக்கறிஞர்களுக்கு விடயம் விளக்க ஒருவர் வேண்டும்; காலம் ஓராண்டுக்கு மேற்படாது; முதல் வகுப்புப் போக்குவரவுச் செலவும் உணவு உறையுளும் போக 105 பவுண் தரப்படும் என்பது பேச்சு. பாரிஸ்டராக அன்று, கம்பனியின் ஊழியராகவே தாம் செல்வதாக அவர் உணர்ந்தார். ஆயினும் பேரம் பேசாது இசைந்தார். இரண்டாம் மகன் மணிலால் பிறந்து அரையாண்டே ஆகியிருந்தது. மனைவி மக்களைத் தமையனார் பொறுப்பில் விட்டு 1893ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் புறப்பட்டார்.

டர்பன் நீதிமன்றில் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணிக்கப்பெற்றதும், பீற்றமாரிற்ஸ்பேர்க் நிலையத்தில் முதல் வகுப்பு வண்டியினின்று இரவிலே தள்ளப்பெற்றதும் எல்லோரும் அறிந்த செய்திகள். அவற்றை நாம் விரிக்கவில்லை. பிரிட்டோரியாவில் அவர் தொழில் கற்ற விதமே எமக்கு முக்கியமாகின்றது. வழக்கோ முழுவதும் கணக்கு. கணக்குவைப்பு முறை அவர்க்குத் தெரியாது. நூலொன்று வாங்கி அதனைக் கற்றார். கணக்கேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சட்டத்தினும் உண்மை நிகழ்ச்சிகளே வழக்கில் மேம்பட்டவை என்பதைக் கண்டார். இரு கட்சியாரும் உறவினர் ஆதலின் மத்தியத்தத்துக்கு இணங்கச் செய்தார். தீர்ப்பு தாதா அப்துல்லா பக்கம் 37,000 பவுணும் செலவுமாக வந்தது. தோற்றவர் அத்தொகையை ஒருங்கே செலுத்தின் முறிந்தொழிவார். தவணை முறையிற் பெறுமாறு தம் கட்சிக்காரரைக் காந்தி வற்புறுத்தி இணங்குவித்தார். பம்பாயில் வாய் திறவாதிருந்தவர் ஓராண்டுக்குள் தொழிலறிந்தவர் ஆயினார்.

1894இல் ஊர் திரும்ப ஆயத்தமாகி, பிரிவுபசார விருந்தும் நடந்துகொண்டிருந்தது. அவ்வேளை, நேற்றால் நாட்டு இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவைப் பற்றிய பத்திரிகைச் செய்தி அவர் கண்ணிற் பட்டது. வணிகர்கள் தங்குமாறு வேண்டினர். தங்கினால் உண்பது எங்ஙனம் என்ற வினா உடனே எழுந்தது. பொதுப்பணிக்குக் கூலி பெற அவர் மறுத்துவிட்டார். ஆயினும் கௌரவமான இடத்தில் வீடெடுத்து ஒரு பாரிஸ்டருக்குத் தக்கவாறு வாழ ஆண்டுக்கு 300 பவுண் வேண்டுமென்று கணக்கிட்டுச் சொன்னார். ஏறத்தாழ இருபது வணிகர் தங்கள் வழக்குகளுக்கென ஓராண்டுக்கு முன்பணம் தர உடன்பட்டனர். தாதா அப்துல்லா பிரிவுபசாரப் பணமுடிப்புக்குப் பதிலாக வீட்டுத் தளபாடம் வாங்கிக் கொடுத்தார். தமது தேவையை மறையாது தொகையிட்டுக் கேட்டதும், கேட்டதைத் தொண்டுக்கன்றித் தொழிலுக்கே கேட்டதும் எம்மைப் பெரிதும் கவர்ந்தன.

எனினும் தொழில் நடத்த உத்தரவு வேண்டும். நேற்றால் உயர்நீதிமன்றில் அவர் பெயரைப் பதிவதற்கு அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. வெளிப்படச் சொல்லிய காரணங்கள் பல. உட்கிடையோ அவர் வெள்ளையர் அல்லர் என்பதே. ஹரி எஸ்கோம் என்னும் சட்டமா அதிபரே விண்ணப்பத்தை மன்றுக்குக் கொணர்ந்தார். பிரதம நீதியரசர் எதிர்ப்பைத் தள்ளி அவரை ஏற்றார். ஏற்றவுடன் தலைப்பாகையைக் கழற்றுமாறு கூறினார். இம்முறை காந்தி கழற்றினார். நண்பர் சிலர்க்கு இது உவப்பாயில்லை. பெரும்போர் காத்திருக்கையிற் சிறுபோரில் வலிமையைச் செலவிட அவர் விரும்பவில்லை என்றே நாம் கொள்கின்றோம்.

தொழில் தொடங்கிய சில திங்களில், ஆண்டையால் அடியுண்டு பல்லுடைந்து குருதி ஒழுகத் தலைத்துணியைக் கையில் ஏந்தியபடி தமிழ் ஒப்பந்தக் கூலியாளர் ஒருவர் அவர் காரியாலயத்தில் வந்து நின்றார். பாலசுந்தரம் என்பது அவர் பெயர். அவரைக் காந்தி வேறோர் எசமானிடம் மாற்றுவித்ததன் பின், கூலியாளர் பலர் அவரை நாடி வரலாயினர். இவர்களோடு பேசுதற்பொருட்டே தமிழ் கற்க முற்பட்டார். 1896இல் ஊர் செல்லும் கப்பலிற் கப்பல் வைத்தியர் தேடிக் கொடுத்த தமிழ்ப் போதினி ஒன்றை வைத்துப் பயின்றார். தேர்ச்சி பெரிதும் கைகூடவில்லை என்பது வேறு விடயம்.

குடும்பத்தை அழைத்து வருதலே அப்பயணத்தின் ஒரு நோக்கம். கஸ்தூரிபாய், எட்டு வயது ஹரிலால், நான்கு வயது மணிலால், விதவையான தமக்கையாரின் மகன் ஆகியோருடன் 1896ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கோர்லண்ட் என்னும் கப்பலிற் புறப்பட்டார். கப்பல் தாதா அப்துல்லாவுடையது, கட்டணம் வாங்கப்படவில்லை. இப்பயணத்துக்கு அவர் செய்த ஆயத்தம் நகைப்புக்கும் இரக்கத்துக்கும் ஒருங்கே உரியது. வெள்ளையர் மத்தியில் மதிப்புப் பெற வேண்டுமாயின் நாகரிக உடை இன்றியமையாதது என்று கருதி, மனைவிக்குப் பார்சிச் சேலையும், பிள்ளைகளுக்குப் பார்சி மேலங்கியும் காற்சட்டையும், எல்லோர்க்கும் சப்பாத்தும் காலுறையும் அணிவித்தார். கால் புண்ணாயிற்று, காலுறை நாறிற்று. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் பழக்கினார். பிற்காலத்தில் இவற்றையெல்லாம் அவரே கைவிட்டார். புதிய நாட்டிற் காலூன்றும் தந்தையர் பலர் முதலிற் பிள்ளைகளின் சட்டையை மாற்றுவதை நாமும் கண்டிருக்கின்றோம்.

டர்பன் துறைமுகத்தில் இறங்குதல் எளிதாயில்லை. பம்பாயிற் கொள்ளைநோய் பரவியிருந்தமையைக் காட்டி, அக்கப்பலையும் உடன் வந்த நாதேரியையும், இரண்டிலும் இருந்த ஏறத்தாழ 800 பிரயாணிகளையும் 23 நாள் தடைக்காவலில் வைத்தனர். நோயினும் வெள்ளையரின் சினமே மெய்க்காரணம். 1897ஆம் ஆண்டு சனவரி 13ஆந் திகதி, கருவுற்றிருந்த கஸ்தூரிபாயும் பிள்ளைகளும் வண்டியிற் பார்சி ருஸ்தம்ஜி வீட்டுக்கு முன்னதாக அனுப்பப்பட்டனர். பின்னர் நடந்து சென்ற காந்தியைக் கூட்டம் சூழ்ந்து கல்லும் அழுகிய முட்டையும் எறிந்து உதைத்தது. பொலிஸ் அத்தியட்சர் அலெக்சாந்தரின் மனைவியார் தற்செயலாக அவ்வழி வந்து, தம் குடையை விரித்து இடையில் நின்றிராவிடின் அவர் உயிர் தப்பியிரார். அன்றிரவு வீட்டையும் கூட்டம் வளைத்தது. கணவர் கொன்ஸ்தாபிள் வேடத்தில் வெளியேற, மனைவியும் மக்களும் உள்ளே இருந்தனர். வந்து இறங்கிய முதல் நாளில் அவ்வம்மையார் கண்ட நாடு இது. தாக்கியோர் மீது காந்தி வழக்குத் தொடர மறுத்தமையால், வெள்ளையர் சிலர் வெட்கினர்; அவருடைய தொழிலும் பெருகிற்று.

பெருகிய தொழிலாற் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வாங்க முடியவில்லை. வெள்ளையர் பாடசாலையில் அவர் பிள்ளைகளை மாத்திரம் தனிச் சலுகையாகச் சேர்த்திருக்கக்கூடும். ஏனைய இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாததைத் தம் பிள்ளைகளுக்குப் பெற அவர் ஒருப்படவில்லை. மிஷன் பாடசாலையில் தாய்மொழிக் கல்வி இல்லை. மாதம் 7 பவுணுக்கு ஓர் ஆங்கில ஆசிரியையைச் சிறிது காலம் அமர்த்தினார். எஞ்சியது தாமே கற்பித்தது. கட்சிக்காரர் வந்தாற் பாடம் நின்றது. கூட்டம் இருந்தாற் பாடம் இல்லை. ஒழுங்கான கல்வி கிடைக்கவில்லை என்னும் மனக்குறை புதல்வர்களுக்கு இறுதிவரை இருந்தது. கல்லூரியின் பெயரால் வெளிவரும் இம்மலரில் இவ்விடயத்தை நாம் மென்று விழுங்குதல் தகாது. கொள்கை தந்தையினுடையது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் அதனைத் தெரிந்தெடுக்காத சிறுவர்கள்.

இல்லறமும் அமைதியாய் ஓடியதன்று. வண்ணான் கூலி மிகுதியென்று தாமே கழுத்துப்பட்டி தோய்த்து, கஞ்சி சொட்டச் சொட்ட நீதிமன்றம் சென்று தோழர்களைச் சிரிக்க வைத்தது விளையாட்டாகும். ஆனால் எழுதுவினைஞர்களும் வீட்டிலேயே தங்கியமையால் அவர்களின் சலக்கலங்களையும் மனைவி எடுக்க வேண்டுமென்று அவர் கட்டளையிட்டார். 1898இல், பஞ்சமர் குலத்திற் பிறந்த கிறித்தவ எழுதுவினைஞர் ஒருவரின் கலத்தை அவ்வம்மையார் கண்ணீருடன் எடுத்துச் செல்லக்கண்டு, மகிழ்ச்சியோடு எடுக்கவில்லையே எனச் சினந்து, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்தார். பெற்றோரும் உற்றோரும் இல்லாத அந்நாட்டில் எங்கே போவேன் என்று அவர் அழுதபின்னரே கணவர் நாணினார். இந்நிகழ்ச்சியை அவரே தம் சரிதத்தில் மறையாது எழுதியமையால் நாமும் எழுதினோம்.

1897இல் ராமதாஸும் 1900இல் தேவதாஸும் அங்கே பிறந்தனர். 1901இல் ஊர் திரும்புகையில் மக்கள் அளித்த பொன்னணிகள் யாவற்றையும், மனைவிக்கென்று வந்த 50 கினி பெறுமதியான கழுத்தணி உட்பட, பொதுநிதியாக்கினார். மருமகள்மார்க்கு ஒன்றுமில்லையா என்ற தாயின் வாதம் தோற்றது. பம்பாயில் 1902இல் தொழில் எதிர்பார்த்ததினும் நன்றாகவே நடந்தது. தாம் இறந்தாற் குடும்பம் தமையனார் தலையில் விழுமே என்றஞ்சி 10,000 ரூபாவுக்கு ஆயுட் காப்புறுதியும் எடுத்தார். ஆனால் அவ்வாண்டின் இறுதியிலேயே தென்னாபிரிக்காவிலிருந்து தந்தி வரவே, குடும்பத்தை விட்டுத் தனியே மீண்டார்.

1903 முதல் ஜொகனஸ்பேர்க்கில் அவர் கந்தோர் செழித்தது; குடும்பம் பின்னர் வந்து சேர்ந்தது. பம்பாயிலும் டர்பனிலும் இல்லாத வருவாய் இங்கே வந்தது. வந்த வேகத்திற் சென்றது. இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகைக்கு ஒருகால் மாதம் 75 பவுண்வரை கொட்டினார். 1904இற் பீனிக்சில் 100 ஏக்கர் நிலம் 1,000 பவுணுக்கு வாங்கப்பட்டது. காப்புறுதியையும் கட்டாது விட்டார். இனி அனுப்புதற்குப் பணமில்லை, மிஞ்சுவது சமூகத்துக்கே என்று தமையனாருக்கு எழுதினார். தம்பியைப் பாரிஸ்டராக்கக் கடன்பட்ட இலக்குமிதாசர் மனம் நொந்ததிற் குற்றம் காண எம்மால் இயலாது. சிலவாண்டிற் காந்தி வழக்கறிஞர் தொழிலையே துறந்தார்.

ஹரிலால் தென்னாபிரிக்கப் போராட்டத்திற் பன்முறை சிறை சென்ற வீரர். இலண்டன் சென்று சட்டம் பயில அவர் விரும்பினார். நண்பர் பிராண்ஜீவன் மேத்தா அளித்த உதவிப்பணம் வந்தபோது தந்தையார் அதனைத் தம் மகனுக்குக் கொடாது வேறொருவர்க்கு அளித்தார். 1911இல் மகன் தந்தையைப் பிரிந்தார். அப்பிளவு பின்னர் ஆறவேயில்லை. 1948இல் தந்தை மறைந்த சில திங்களில் மகனும் மறைந்தார்.

1914ஆம் ஆண்டு யூலை மாதம் காந்தியும் கஸ்தூரிபாயும் தென்னாபிரிக்காவை விட்டு நீங்கினர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் இருவரும் இலங்கைக்கும், மாணவர் காங்கிரசாரின் அழைப்பை ஏற்று எமது யாழ்ப்பாணத்துக்கும் வந்தபோது, கதர் நிதிக்குக் கையேந்தி நின்றவரிடத்துப் பழைய பாரிஸ்டரின் அடையாளம் ஏதும் இருக்கவில்லை. நான்கு வயதிற் பார்சி உடையும் புதுச் சப்பாத்துமாக டர்பனில் இறங்கிய மணிலாலோ பின்னர் அந்நாட்டுக்கே திரும்பினார். தந்தை தொடக்கிய பத்திரிகையைப் பீனிக்சிலிருந்து நெடுங்காலம் நடத்தி, 1956இல் அங்கேயே உயிர் நீத்தார்.